பின்வாசல் பந்தல், பெஞ்சு, செடிப்பெட்டி, தட்டி எல்லாம் ஒரே கைவேலைபோல அமைய: அளவும் மரமும் (செங்கோட்டை, சாரல் பகுதி)

புளியரைக்காரன் கேட்டது:

வணக்கம். செங்கோட்டைக்கு மேற்கே, புளியரைப் பக்கம் வீடு. வீட்டுக்குப் பின்னால் தெற்கு வடக்காக 36 அடி, கிழக்கு மேற்காக 24 அடி இடம் இருக்கிறது. பின்வாசல் கதவு மேற்கே பார்த்துத் திறக்கும். வடகிழக்கு மூலையில் கைப்பிடிச் சுவரோடு கிணறு, தென்மேற்கு மூலையில் நன்றாகக் காய்க்கிற இரண்டு தென்னை. தரை தெற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 8 அங்குலம் சரிவு.

செய்ய நினைப்பது: 8 அடிக்கு 10 அடியில் ஒரு பந்தல் (பெர்கோலா மாதிரி, மேலே மூடாமல்), 5 அடி நீளத்தில் இரண்டு பெஞ்சு, மூன்று செடிப்பெட்டி, மேற்கு எல்லையில் 12 அடிக்குக் கொடி ஏறும் தட்டி, கிணற்றுக்கு மரத்தில் கப்பிக்கால், பின்பக்கம் 3 அடி கேட். விலைக்குக் கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு படத்தைக் காட்டுகிறார்கள். தனித்தனியே பார்த்தால் அழகுதான், ஆனால் அடுத்தடுத்து வைத்தால் கண்காட்சித் திடல் மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது. எல்லாம் ஒரே வீட்டுக்குச் செய்ததாகத் தெரிய வேண்டும்.

என் கேள்விகள்: எந்த மரம்? ஆரியங்காவு தாண்டி வரும் ரப்பர் மரச் சட்டம் மலிவாகக் கிடைக்கிறது, ஆகுமா? மொத்தம் எத்தனை கன அடி வாங்க வேண்டும்? ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை சாரலும் மேல்காற்றும் விடாது, மறுபடி ஐப்பசி மழை. தூண்களை எப்படி ஊன்றினால் நிற்கும்? மேலே என்ன பூசுவது?

---

உளியும் கோலும் எழுதியது:

முதலில் ரப்பர் மரத்தை முடித்துவிடுவோம், அது வேண்டாம். ரப்பர் மரத்தில் இயல்பாகவே மாவுச்சத்து அதிகம். பூஞ்சணமும் உளுவும் (மரத்தைத் துளைத்து மாவாக்கும் பூச்சி) விரும்பி ஏறும். அதைத் தடுக்கப் போரிக் ஆசிட், போராக்ஸ் கரைசலில் ஊறவைத்து விற்கிறார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரையக்கூடியது. வீட்டுக்குள் நாற்காலி, கட்டிலுக்குக் குறையில்லை. வெளியே ஒரு சாரல் காலம் நனைந்தால் மருந்து கழுவிப் போய்விடும், மிஞ்சுவது வெறும் ரப்பர் மரம்.

உங்கள் இடத்துக்குத் தேக்கு, இல்லாவிட்டால் அயினி (அந்தப் பக்கம் ஆஞ்சிலி என்பார்கள்). இரண்டிலும் வைரம் (முற்றிய உள்மரம்) மட்டும்தான் வெளியில் நிற்கும். ஓரத்து வெள்ளை எந்த மரமானாலும் வெள்ளைதான், அதைச் செல்லு (கறையான்) அரிக்கும். "தேக்குதானே" என்று வெள்ளை கலந்த சட்டத்தை வாங்கித் தூணுக்கு வைப்பதைவிட, முழு வைரமான அயினி எவ்வளவோ மேல். வேங்கையும் உறுதியான மரம்தான். ஆனால் நனைந்தால் மஞ்சள் சாயம் கக்கும், கீழே பதித்த கல்லிலும் சுவரிலும் கறை இறங்கும். கிணற்றடிக்கு அது சரிப்படாது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. ஒத்துப்போவது செதுக்குவேலையில் இல்லை, அளவில் இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் ஒரே பூவேலை போட்டுவிட்டு, ஒன்றுக்கு 3 அங்குலத் தூண், இன்னொன்றுக்கு 5 அங்குலத் தூண் என்று வைத்தால் ஒட்டவே ஒட்டாது. பூவேலையே இல்லாமல், சட்டத்தின் அளவு, இடைவெளி, உயரக்கோடு மூன்றும் ஒன்றாக இருந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஊருக்குள்ளேயே இதற்கு நல்ல மாதிரி இருக்கிறது. செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். பழைய வீடுகளின் திண்ணை முகப்பில் அழி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரே மாதிரி மெல்லிய மரச்சட்டம் வரிசையாக, சின்ன ஜன்னலிலும் நீண்ட கூடத்திலும் திரும்பத் திரும்ப வரும். அந்த அழியை உங்கள் பின்வாசலின் பொது உறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டிலும் அழி, தட்டியிலும் அழி, செடிப்பெட்டியின் சுற்றிலும் அழி, பெஞ்சின் இருக்கையும் அழி.

அறுக்கக் கொடுக்கும்போது ஐந்து அளவுக்கு மேல் சொல்லாதீர்கள். எல்லாம் அங்குலம். தூணுக்கு நாலுக்கு நாலு. உத்திரத்துக்கு ஆறுக்கு ரெண்டு. கைமரம் (உத்திரத்தின்மேல் குறுக்கே வருவது), சட்டம், பெஞ்சுக்கால், முட்டு (தூணிலிருந்து மேல்மரத்துக்குச் சாய்வாக வருவது) இவற்றுக்கு நாலுக்கு ரெண்டு. அழிக்கு ரெண்டுக்கு ஒண்ணு. செடிப்பெட்டியின் உள்சட்டத்துக்கு ரெண்டுக்கு ரெண்டு. இவையெல்லாம் அறுப்பு அளவு. இழைத்து முடித்தால் அகலத்திலும் கனத்திலும் கால் அங்குலம் குறையும்: தூண் 3¾, அழி 1¾ அகலம், ¾ கனம். எல்லா வெளி விளிம்பையும் 2 நூல் (கால் அங்குலம்) உடைத்துவிடச் சொல்லுங்கள். இந்த விளிம்பு ஒன்றாக இருப்பதுதான் கிட்ட நின்று பார்க்கிறவருக்கு "ஒரே கை" என்று தோன்றவைப்பது. கூர் விளிம்பில் பூச்சு நிற்காது என்பது இன்னொரு காரணம்.

உயரக்கோடு மூன்று. 18 அங்குலம்: பெஞ்சு இருக்கை, செடிப்பெட்டி வாய். 36 அங்குலம்: கேட்டின் நடுச்சட்டம், தட்டியின் நடுச்சட்டம். 84 அங்குலம், அதாவது 7 அடி: பந்தல் உத்திரத்தின் அடிப்பாகம், தட்டியின் தலை, கேட் நிலையின் தலை, கப்பிக்காலின் குறுக்குமரம். உங்கள் தரை 8 அங்குலம் சரிகிறது அல்லவா, இங்கேதான் பலரும் தவறுவார்கள். ஒவ்வொரு தூணையும் அதது நிற்கும் தரையிலிருந்து 7 அடி அளந்தால், பின்வாசல் படியில் நின்று பார்க்கும்போது மேல்கோடெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். பந்தல் நிற்கும் இடத்துத் தரையை வைத்து ஒரு மட்டத்தைக் குறித்துக்கொண்டு, டியூப் மட்டத்தால் (தண்ணீர் நிரப்பிய குழாய்) எல்லாத் தூணுக்கும் அந்த ஒரே கோட்டைக் கடத்துங்கள். தூணின் நீளம் இடத்துக்கு இடம் மாறட்டும், தலை மாறக்கூடாது. 18 அங்குலக் கோடு மட்டும் தரையோடு போகலாம், உட்காருகிற உயரம் அது.

இன்னொன்று. அந்தப் பக்கத்து ஆசாரி வேலைக்கு வந்தால் கோல் கணக்கில் சொல்வார். ஒரு கோல் 24 விரல், 72 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு விரல் 3 செ.மீ., அங்குலமோ 2.54. இரண்டையும் கலந்தால் 7 அடி உயரத்தில் ஓர் அடிக்கு மேலே பிசகிவிடும். வேலை தொடங்கும் முன் ஒரே அளவு என்று பேசி, ஒரு நேரான ரீப்பரில் 18, 36, 84 மூன்றையும் கீறி அளவுகோலாகக் கொடுத்துவிடுங்கள். டேப்பே எடுக்க வேண்டியதில்லை.

கன அடிக் கணக்கு இப்படி வரும். பந்தலுக்குத் தூண் 4, ஒவ்வொன்றும் 7 அடி: 3.1 கன அடி. இரட்டை உத்திரம், 12 அடியில் 4 துண்டு: 4. கைமரம் 10 அடியில் 9 துண்டு, 18 அங்குலத்துக்கு ஒன்று: 5. மேலே கொடி ஏற ஓர் அடிக்கு ஓர் அழி, 12 அடியில் 11: 1.8. முட்டு 8: 1.1. மொத்தம் 15. பெஞ்சு ஒன்றுக்கு 2, இரண்டுக்கு 4. செடிப்பெட்டி (3 அடிக்கு 1½ அடி, உயரம் 1½) ஒன்றுக்கு 1½, மூன்றுக்கு 4½. தட்டி 6 அடிப் பலகம் இரண்டு, நடுத்தூண் பொது: 7.8. கப்பிக்கால் 2.3. கேட் 1.2. கூட்டினால் ஏறக்குறைய 35. அறுப்புச் சேதம், முடிச்சு விழுந்த துண்டு, வெள்ளை கழிவு எல்லாம் சேர்த்து 15 சதம் போட்டால் 40 கன அடி. வெள்ளை அதிகமுள்ள மரமாக இருந்தால் இன்னும் கூடும். அதனால் உருட்டாக வாங்குவதைவிட அறுத்த சட்டத்தைப் புரட்டிப் பார்த்து வாங்குவது உங்களுக்கு நல்லது. சொந்த நிலத்துத் தேக்கை வெட்டிக் கொண்டுவருவதாக இருந்தால் வனத்துறையின் கடத்தல் அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

பச்சை மரமா காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு சட்டத்தில் ஓர் அடித் துண்டை வெட்டி, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நிற்கும்வரை பொருத்து வேலை செய்யக்கூடாது. பச்சையில் பொருத்திய கழுந்து (துளைக்குள் செருகும் முனை) பங்குனி வெயிலில் சுருங்கி, ஆனி மாதக் காற்றில் ஆடும்.

---

கட்டடக் கணக்கு எழுதியது:

மேலே அண்ணாச்சி சொன்ன அளவெல்லாம் சரி. அடித்தளத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் வெளி மரவேலை பாழாவது பெரும்பாலும் கீழ் ஆறு அங்குலத்தில்தான்.

தூணைக் குழியில் நிறுத்திச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றுவது நம் பக்கத்தில் வழக்கம். மரம் காய்ந்து சுருங்கும்போது தூணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். சாரல் அதற்குள் இறங்கும், வெளியேற வழியில்லை. கான்கிரீட் ஒரு கிண்ணமாகித் தூணின் அடியை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், தரைமட்டத்தில் உளியை வைத்து அழுத்தினால் உள்ளே போகும். எந்த மரத்தைப் போட்டாலும் இதே கதைதான்.

அதனால் தூண் மண்ணையும் தொடக்கூடாது, கான்கிரீட்டையும் தொடக்கூடாது. தரைக்கு மேல் 6 அங்குலம் பீடம் எழுப்பி, அதில் இரும்பு ஷூ (தூணின் அடியைப் பிடிக்கும் தகட்டுக் கவ்வி) பதித்து, ஷூவுக்குள்ளும் அரை அங்குலம் தூக்கித் தூணை நிறுத்துங்கள். பீடத்தின் தலை நான்கு பக்கமும் சரிவாக இருக்கட்டும். 6 மில்லிமீட்டர் தகட்டில் ஷூ வெல்டிங் செய்து, வெல்டிங் முடிந்தபின் கால்வனைஸ் தொட்டியில் முக்கி எடுங்கள். முக்கி எடுத்த பிறகு துளை போட்டால் அந்தத் துளையிலிருந்துதான் துரு கிளம்பும், துளையை முதலிலேயே போட்டுவிட வேண்டும். ஷூவுக்குத் தூண் ஒன்றுக்கு எம்12 (12 மில்லிமீட்டர்) போல்ட் இரண்டு. இந்த 6 அங்குலப் பீடத்தால் இன்னொரு பயன் உண்டு. செல்லு மண்பாதை கட்டி ஏறினால் வெளியே தெரியும், விரலால் தட்டிவிடலாம். கிணறு பக்கத்திலேயே இருப்பதால் செல்லு மருந்தை மண்ணில் ஊற்றும் யோசனையை விட்டுவிடுங்கள்.

காற்றுக் கணக்கு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று உங்கள் இடத்தில் நேராக இறங்கும். ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி) மூன்றாம் பகுதியில் திருவனந்தபுரத்துக்கும் மதுரைக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். நீங்கள் இரண்டுக்கும் நடுவில். 39 மீட்டர் என்றால் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ. பந்தலின் தலை 10 அடிக்கு 12 அடி, 11 சதுர மீட்டர். இப்போது மேலே அழி மட்டும்தான் என்பதால் காற்று ஊடுருவிப் போய்விடும். பின்னால் "மழைக்கு ஒதுங்கலாமே" என்று ஒரு ஷீட்டைப் போட்டால், காற்றழுத்தக் குணகம் 1 என்று வைத்தாலே 1,000 கிலோவுக்கு மேல் தூக்கும் விசை வரும். 1½ அடிக்கு 1½ அடி, ஆழம் 2 அடி என்று குழி எடுத்தால் ஒரு குழிக் கான்கிரீட் 306 கிலோ, நாலுக்கும் 1,220. பந்தலின் எடை 280 கிலோ சேரும். திறந்த பந்தலுக்கு இது தாராளம், ஷீட்டுக்கு இது விளிம்பு. ஷீட் வரலாம் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இப்போதே 2 அடிக்கு 2 அடி எடுத்துவிடுங்கள், ஒரு குழிக்கு 540 கிலோ கிடைக்கும். கட்டிய பிறகு பெரிதாக்க முடியாதது இது ஒன்றுதான்.

தட்டிதான் உண்மையில் ஆபத்து. பந்தலுக்கு நான்கு கால், முட்டு எல்லாம் இருக்கிறது. தனியாக நிற்கும் தட்டி ஒரு பாய்மரம். 6 அடிக்கு 7 அடிப் பலகத்தில் பாதி திறப்பு விட்டாலும் நடுத்தூணுக்கு 180 கிலோ தள்ளு வரும். கொடி அடர்ந்து மூடிவிட்டால் இரண்டு மடங்கு. சாதாரண ஷூவில் நிறுத்தினால் ஷூ கீல் மாதிரி வளைந்து கொடுத்துவிடும். தனித் தட்டிதான் வேண்டுமென்றால் தூணின் கிழக்கு முகத்திலும் மேற்கு முகத்திலும் 50க்கு 8 மில்லிமீட்டர் பட்டை, பீடத்துக்கு மேல் 2 அடி ஏற வேண்டும், கான்கிரீட்டுக்குள் 1½ அடி இறங்க வேண்டும், குழி 2½ அடி ஆழம். பட்டையை வடக்கு தெற்கு முகத்தில் வைத்தால் காற்று வரும் திசையில் பயன் மிகக் குறைவு.

எல்லாக் குழிக்கும் 1:2:4 கலவை (சிமென்ட், மணல், ஜல்லி) போடுங்கள். கப்பிக்காலைக் கிணற்றுச் சுவரைத் துளைத்து மாட்டாதீர்கள். பழைய சுவர் வாளி இழுக்கிற ஆட்டத்தில் விரியும். சுவருக்கு வெளியே தனிப் பீடம் போடுங்கள்.

---

பிச்சிப்பந்தல் எழுதியது:

இடத்தைப் பார்த்து இரண்டு மாற்றம் சொல்கிறேன்.

பந்தலைத் தென்மேற்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தென்னையின் அடியிலிருந்து 15 அடிக்குள் உட்காரும் இடமே இருக்கக்கூடாது. ஆடிக்காற்றில் நெற்றும் மட்டையும் நேராகக் கீழே விழாது, தள்ளித்தான் விழும். பின்வாசல் கதவுக்கு நேரே, மேற்கு எல்லைக்கு 3 அடி உள்ளே தள்ளி, நடுவிலிருந்து கொஞ்சம் வடக்காகப் பந்தல் வரட்டும். கதவைத் திறந்ததும் இரண்டு தூணுக்கு நடுவே பார்வை போக வேண்டும், தூணில் போய் முட்டக்கூடாது.

தட்டியைத் தனியாக எல்லையில் நிறுத்தாமல் பந்தலின் மேற்கு முகமாகவே ஆக்கிவிடுங்கள். பந்தலின் மேற்குத் தூண்கள் இரண்டுக்கும் இடையே 10 அடி. நடுவில் ஒரு தூணை நிறுத்தி 5 அடிப் பலகம் இரண்டு. தூண் இரண்டு மிச்சம், தலை உத்திரத்தோடு பிடித்துக்கொள்வதால் பட்டையும் தேவைப்படாது. அழிக்கும் அழிக்கும் நடுவே ஓர் அழி அகலம், 1¾ அங்குலம் விடுங்கள். காற்றை முழுக்கத் தடுத்தால் தட்டியைத் தாண்டிச் சுழன்று உங்கள் தலையில் அடிக்கும். பாதி விட்டுப் பாதி தடுத்தால் வேகம் மட்டும் குறையும், சுழல் வராது.

நிழல். மேலே ஓர் அடிக்கு ஓர் அழி படுக்கையாக வைத்தால் கொடி வளரும்வரை நிழலே இருக்காது. அழியைத் தெற்கு வடக்காக, படுக்கையாக இல்லாமல் நிமிர்த்தி வையுங்கள். உயரம் 1¾, இடைவெளி 1¾ என்றால் சூரியன் 45 பாகைக்குக் கீழே வந்ததும் ஓர் அழியின் நிழல் அடுத்த அழியின் அடியில் போய் முட்டும், முழு நிழல். நம் ஊர் 9 பாகை அட்சரேகை, பங்குனி, சித்திரையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே போகும். கடிகாரக் கணக்கில் நமக்கு உச்சி 12 மணிக்கு இல்லை, இருபது நிமிடம் தாமதம். அதனால் மாலை 3:20 வாக்கில் நிழல் மூடிவிடும், காலையில் 9:20 வரை இருக்கும். 5 மணிக்குப் பக்கவாட்டில் நுழையும் வெயிலை மேற்குத் தட்டி பார்த்துக்கொள்ளும். முழுத் தலைக்கும் வேண்டாம், பெஞ்சு வரும் மேற்குப் பாதிக்கு மட்டும் 24 அழி போதும். 3 கன அடி கூடும், தட்டியில் மிச்சமானதைக் கழித்தால் 40 என்ற கணக்கு இரண்டுக்கு மேல் ஏறாது.

கொடிகளில் காகிதப்பூவை ஏற்றாதீர்கள். எடை, முள், பின்னால் மரத்துக்குப் பூச்சு அடிக்கக் கையே உள்ளே போகாது. பிச்சி, முல்லை போன்ற நிரந்தரக் கொடியைத் தட்டியின் அழிமேல் நேராகப் படரவிடாமல், மூன்று அங்குலம் தள்ளி எஸ்.எஸ். கம்பி கட்டி அதில் ஏற்றுங்கள். இலை மரத்தை ஒட்டிக்கொண்டே இருந்தால் சாரல் முடிந்து வாரக்கணக்கானாலும் அந்த இடம் காயாது. பந்தலின் மேலே பாகல், பீர்க்கு, புடல் நல்லது. கொடி வற்றி அறுத்தெடுத்ததும் மரம் முழுக்க வெளியே வரும், அதுதான் பூச்சுக்கு நேரம்.

செடிப்பெட்டியில் மண்ணை மரத்தோடு கொட்டாதீர்கள். அழிப்பெட்டி வெறும் சட்டைதான். உள்ளே தடித்த எச்.டி.பி.இ. வளர்ப்புப் பை அல்லது பிளாஸ்டிக் தொட்டி, பைக்கும் அழிக்கும் நடுவே ஓர் அங்குலம் காற்று. பெட்டியின் நான்கு மூலைக்கும் ஓர் அங்குலக் கருங்கல் துண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள்.

---

கட்டடக் கணக்கு எழுதியது:

தட்டியைப் பந்தலோடு சேர்ப்பது நல்ல முடிவு. ஒரு நிபந்தனை: முட்டு எட்டும் இரண்டு திசையிலும் வர வேண்டும். உத்திரத்துக்கு நான்கு, தூணை ஒட்டி வருகிற கைமரத்துக்கு நான்கு. அழகு கெடுகிறது என்று கிழக்கு மேற்கு முட்டை விட்டுவிட்டால், தட்டி வாங்கும் காற்றெல்லாம் நான்கு போல்ட் துளையைத்தான் ஆட்டும். முட்டுக்கும் நாலுக்கு ரெண்டு, 45 பாகை, தூணில் மேலிருந்து கீழே 20 அங்குலம்.

---

புளியரைக்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தட்டியைப் பந்தலோடு சேர்த்துவிடுகிறேன். இன்னும் மூன்று சந்தேகம். இரட்டை உத்திரத்தைத் தூணின் பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டுவதா, தூண் தலையில் ஏற்றுவதா? இடித்த வீட்டுப் பழைய தேக்கு கிடைக்கிறது, புதிதோடு கலக்கலாமா? பூச்சுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்தால் போதும் என்கிறார்கள். கடையில் பளபளப்பான வார்னிஷ் சொல்கிறார்கள்.

---

உளியும் கோலும் எழுதியது:

தம்பி, உத்திரத்தைப் பக்கத்தில் மாட்டுங்கள், ஆனால் போல்ட்டை நம்பித் தொங்கவிடாதீர்கள். தூணின் இரு பக்கமும் அரை அங்குலம் வெட்டி, அந்தப் பள்ளத்தில் உத்திரம் உட்கார வேண்டும். எடை மரத்தில் மரமாக இறங்கட்டும், போல்ட் (எம்12, தூண் ஒன்றுக்கு இரண்டு) சேர்த்துப் பிடிக்க மட்டும். பள்ளத்தின் அடியைச் சமமாக விடாமல் வெளிப்பக்கம் 2 நூல் சரித்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் அது தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். தூணின் தலை இரு உத்திரத்துக்கும் நடுவே மேலே வரை வரும். அந்தத் தலைதான் மழைக்கு வாய் திறந்திருக்கும் இடம். வெட்டுமுகம் வழியாகத் தண்ணீர் குழாயில் போவதுபோல இறங்கும். தலையைச் சரிவாக வெட்டி, மூன்று தடவை எண்ணெய் குடிக்கவைத்து, மேலே ஒரு தகடோ மரமூடியோ போட்டுவிடுங்கள்.

ஆணி வேண்டவே வேண்டாம். தேக்கிலும் அயினியிலும் சாதா இரும்பு பட்டால், நனைந்ததும் ஆணியைச் சுற்றி மை ஊற்றியதுபோலக் கறுப்பு வழியும். எஸ்.எஸ். 304 ஸ்க்ரூ, அழிக்கு 8ஆம் நம்பர் 2 அங்குலம். நிமிர்த்தி வைக்கும் அழிக்கு மட்டும் 3 அங்குலம். முதலில் துளை, பிறகு ஸ்க்ரூ. படுக்கை அழிக்கு ஒவ்வொரு சேர்மானத்திலும் இரண்டு, குறுக்காக. நேர்கோட்டில் இரண்டு போட்டால் நார் வழியே பிளக்கும். இரும்பு அறுத்த தூளோ வெல்டிங் பொறியோ விழுந்து கறுத்துவிட்டால், ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்துத் தடவி, கறை போனதும் நன்றாகக் கழுவிவிடுங்கள். அது விஷம். கையுறை போடுங்கள், கிணற்றடியில் வைத்துச் செய்யாதீர்கள்.

பெஞ்சு இருக்கைக்கு மட்டும் அழி இடைவெளி வேறு. 1¾ விட்டால் தொடையை அழுத்தும், 3 நூல்தான். எட்டு அழிக்கு 16⅝ அங்குலம் வரும். கால்சட்டம் இரு முனையிலும் நடுவிலுமாக மூன்று, ¾ அங்குல அழி 2½ அடிக்கு மேல் தாங்காது. பெஞ்சுக்காலுக்கும் அடியில் கல் வையுங்கள்.

பழைய தேக்கு தாராளமாக வாங்கலாம், ஆடி அடங்கிய மரம், இனி முறுக்காது. அறுக்கும் முன் காந்தத்தை ஓட்டி ஆணியை எல்லாம் எடுங்கள். மில்லில் பிளேடு போனால் உங்கள் தலையில்தான் விழும். தட்டிப் பார்த்து மாவு கொட்டினால் அந்தத் துண்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், உளு மற்ற மரத்துக்கும் போகும். நிறம் பொருந்தாது, அதை மறைக்க முயலாமல் இடம் பிரித்துவிடுங்கள். தூண், உத்திரம், கைமரம் எல்லாம் பழையது. அழி எல்லாம் புதியது. ஒரே தட்டியில் பழைய அழி நாலு, புதிய அழி பத்து என்று கலந்தால்தான் ஒட்டுப்போட்டதாகத் தெரியும்.

---

எண்ணெய்க்கை எழுதியது:

பூச்சுக்கு நான் வருகிறேன். வார்னிஷ் வேண்டாம். படலமாக நிற்கிற எந்தப் பூச்சும் வெயிலில் வெடிக்கும், வெடிப்பு வழியாகச் சாரல் உள்ளே போகும், அடியில் மரம் கறுக்கும். பிறகு முழுவதையும் சுரண்டாமல் மறுபூச்சு அடிக்க முடியாது. இத்தனை அழியைச் சுரண்டுவதை நினைத்துப் பாருங்கள்.

முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் நல்ல மருந்துதான், படகுக்கே பூசுவார்கள். ஆனால் பச்சையாகப் பட்டால் தோல் வெந்துவிடும், மரமும் கறுஞ்சிவப்பாகிவிடும். அதைத் தூணின் அடிமுனை, உத்திரப் பள்ளம், கைமரத்தின் மேல்முதுகு இப்படிக் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தோடு நிறுத்துங்கள். பெஞ்சுக்கும் கேட்டுக்கும் கூடாது.

மற்ற எல்லாவற்றுக்கும் வெளிப்புறத்துக்கான, நிறமி கலந்த, மரத்துக்குள் இறங்குகிற எண்ணெய் ஸ்டெய்ன். நிறமிதான் வெயிலைத் தடுப்பது, நிறமில்லாத எண்ணெய் சில மாதத்திலேயே நரைக்கும். எல்லாப் பொருளுக்கும் ஒரே டப்பா நிறம், எல்லா டப்பாவையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டுத் தொடங்குங்கள். பொருத்தும் முன்பே ஒவ்வொரு சட்டத்துக்கும் ஆறு முகத்திலும் இரண்டு கை (இரண்டு பூச்சு), வெட்டுமுகத்துக்கு மூன்று. பொருத்திய பின் ஒரு கை. பூசிக் கால் மணி நேரத்தில், மரம் குடிக்காமல் நிற்பதைத் துணியால் துடைத்தெடுங்கள், விட்டால் பிசுபிசுப்பாகித் தூசி ஒட்டும். வெறும் ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசினால் சாரல் மாதங்களில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் வேண்டாம்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய்த் துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிவிடுங்கள்.

நேரக் கணக்கு: மாசியில் மரம் வாங்கி நிழலில் ரீப்பர் இடைவிட்டு அடுக்குங்கள். அதே மாதம் குழி, கான்கிரீட். எடை இறங்குவது நின்றிருந்தால் பங்குனியில் இழைப்பும் துளையும். சித்திரையில் பூச்சு, நிறுத்துவது. வைகாசி பாதிக்குள் கடைசிக் கை காய்ந்திருக்க வேண்டும். மறுபூச்சை ஆண்டுதோறும் மாசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசி மழைக்குப் பிறகு மரம் காய அவ்வளவு நாள் வேண்டும். மரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் அந்த வருடம் விட்டுவிடலாம், உடனே குடித்தால் ஒரு கை அடிக்க வேண்டும். மேற்குத் தட்டியும் பெஞ்சும்தான் முதலில் குடிக்கும்.